துணிக்கடைப் பொம்மைக்குப் பின்னால் நின்றவர்கள்

செங்குளத்துச் சாயக்காரத் தெரு மங்கிப்போனது ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு. நேரம் இவ்வளவு திட்டமாகத் தெரிவதற்குக் காரணம் தெருக்காரர்கள் அல்ல, அவர்களை யாரும் கேட்கவில்லை. தெருவை மங்க வைத்த இரண்டு கேமராக்களிலும் நேரம் பதிவாகியிருந்தது, இரண்டையும் ஒரே நொடியில் அழுத்தியிருந்தும் இரண்டுக்கும் நாலு வினாடி வித்தியாசம் இருந்தது, எந்தக் கம்பெனியின் கடிகாரம் சரி என்று ஒளிவேட்டை மன்றத்தில் அதற்கும் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. அந்த நேரத்தில் பஞ்சவர்ணம் கொதிக்கிற சாயத்தொட்டியிலிருந்து சிவப்பு நூல் சிட்டங்களைக் கழியில் தூக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஏழு வயது மகள் தன்ஷிகா தெருக்கோடிக் குழாயடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒளிவேட்டை மன்றம் என்பது பதினொரு பேர் சங்கம். படம் எடுத்துப் பிழைக்கிறவர் ஒருவர்கூட அதில் கிடையாது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வதும் கிடையாது. தலைவர் பல் டாக்டர் குணபாண்டியன், செயலாளர் டைல்ஸ் கடை ஆவுடைநாயகம். டாக்டருடைய லென்ஸின் முகப்பில் சிவப்பு வளையம், ஆவுடைநாயகத்தின் லென்ஸில் தங்க வளையம். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். மன்றத்தில் ஐந்து பேர் சிவப்பு, ஐந்து பேர் தங்கம், மிச்சம் ஒருவர் கரண்ட்டாபீஸ் ஜெபராஜ். அவரிடம் இருந்தது கேமரா வாங்கும்போது டப்பாவுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிற லென்ஸ், வளையமே இல்லாதது, பிளாஸ்டிக். கூட்டத்தில் எல்லோருக்கும் டீ வாங்கி வருவது அவர்தான்.

அன்று இரண்டு கட்சியும் ஒரே மாதிரிப் புது லென்ஸ் வாங்கியிருந்தார்கள். லென்ஸின் கண்ணை எவ்வளவு திறக்கிறோம் என்பதற்கு ஒரு எண் உண்டு. எண் சின்னதாக ஆக ஆகக் கண் அகலமாகும், முன்னால் நிற்பது மட்டும் கூர்மையாகத் தெரியும், பின்னால் உள்ளதெல்லாம் கரைந்துவிடும். எண் பெரிதானால் கண் ஊசித்துளையாகி முன்னும் பின்னும் எல்லாம் தெரியும். இந்தக் கரைசலுக்காகத்தான் ஆட்கள் மோதிரத்தை விற்று லென்ஸ் வாங்குகிறார்கள். யாருடைய லென்ஸ் பின்னணியை அழகாகக் கரைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், அதற்கு நிறம் நிறமான பின்னணி வேண்டும், ஊரிலேயே நிறம் நிறமான இடம் மூங்கில் கழிகளில் நூல் சிட்டம் காயும் சாயக்காரத் தெரு. மாடலாக ஒரு துணிக்கடைப் பொம்மையைக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள், மூக்கு நுனி உடைந்தது, பச்சைப் பட்டு உடுத்தியது. உயிருள்ள ஆள் என்றால் மூச்சு விடுவார், மூச்சு விட்டால் அசைவார், அசைந்தால் ஒப்பீடு நியாயமாக இருக்காது என்பது மன்றத்தின் விதி.

பஞ்சவர்ணம் கழியைப் பிடித்தபடியே குரல் கொடுத்தாள். "சார், பொம்பளைக குளிச்சிட்டு வர்ற நேரம். அங்கிட்டுப் போயி எடுங்களேன்."

டாக்டர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள்லாம் இதுல விழ மாட்டீங்கம்மா. பின்னாடி எல்லாம் கரைஞ்சிரும்."

"ஒன் பாயிண்ட் டூ தானே?" என்றார் ஆவுடைநாயகம்.

"முழுசாத் தொறந்தாச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

கரைந்தது. படத்தில் கரைந்த மாதிரியே தெருவிலும் கரைந்தது, கரைந்தபடியே நின்றுவிட்டது. சிட்டத்திலிருந்து சொட்டிய தண்ணீர் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக வட்ட வட்டமாகக் காற்றில் மிதந்தது, வீடுகளின் ஓரங்கள் ஈரச் சுவரில் பூசிய சுண்ணாம்பாகக் கலங்கின, ஆட்கள் ஆட்களின் நிறமாக மட்டும் ஆனார்கள். பொம்மை மட்டும் உடைந்த மூக்கோடு, பட்டுச் சேலையின் ஒவ்வொரு ஜரிகை இழையும் எண்ணும்படி, தெருவின் நடுவே கூர்மையாக நின்றது. மன்றத்தார் அதை அலுங்காமல் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு டிபன் சாப்பிடப் போனார்கள்.

தெரு முதல் இரண்டு நாள் கண்ணைக் கசக்கியது, மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டது. தொட்டி ஆறினால் சாயம் பிடிக்காது. மங்கலாக இருக்கிறோம் என்பதற்காக நூல் காத்திருக்காது. யார் யார் என்று தெரியாததுதான் சிக்கல், அதற்கும் சாயக்காரர்கள் ஒரு வாரத்தில் வழி கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு ஒரு நிறம் எடுத்துக்கொண்டார்கள், மஞ்சள் தெரிந்தால் வேலுத்தாய் வீடு, ஊதா தெரிந்தால் பால்காரர் வீடு, அரக்குச் சிவப்பு பஞ்சவர்ணம். பள்ளிக்கூடத்து டீச்சர் வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் நிறத்தை எழுதிக்கொண்டார். ரேஷன் கடையில் முகத்தைக் காட்டச் சொன்ன கருவி இவர்களைப் பார்த்து ஆள் இல்லை என்றது. கடைக்காரர் இரக்கப்பட்டு எடை போட்டுக் கொடுத்தார், ஆனால் அவரும் வரிசையில் நின்ற மற்றவர்களை முடித்துவிட்டுத்தான் கொடுத்தார். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. செல்போனைக் கேமரா என்று தெரு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தெருவும் மன்றமும் ஒரே கட்சி.

ஊருக்கு இந்த மங்கல் பிடித்துப்போயிற்று. அதுதான் பஞ்சவர்ணத்தின் வயிற்றெரிச்சல். ஆறு வருஷமாக அடைத்துக்கிடந்த சாக்கடை மங்கலில் பார்ப்பதற்கு ஓடை மாதிரி இருந்தது, வார்டு கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத சாக்கடைக்கு எதற்கம்மா மனு என்று கேட்டுவிட்டுப் போனார். நாற்றம் மங்கவில்லை என்று பஞ்சவர்ணம் சொன்னது அவர் காதில் விழவில்லை. சனிக்கிழமைதோறும் கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் கேமராக்காரரோடு வந்தார்கள். எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காத கரைசல் இங்கே சும்மா கிடைக்கிறதே! ஜோடி முன்னால் நிற்கும், கேமராக்காரர் கையை ஆட்டுவார், "அக்கா, அந்த மஞ்சளக்கா, கொஞ்சம் எடது பக்கமா நடந்து போங்க, ஆங், மறுபடியும் நடங்க." வேலுத்தாய் நடப்பாள். தலைச்சுமையோடு நடப்பாள்.

இதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. தெருவின் வடசிறகை மங்க வைத்தது டாக்டரின் சிவப்பு வளையம், தென்சிறகை மங்க வைத்தது ஆவுடைநாயகத்தின் தங்க வளையம். மன்றத்தார் தெருவுக்கு அடிக்கடி வந்து மிதக்கிற வட்டங்களை அண்ணாந்து பார்த்து, வடக்கே வட்டம் வழவழப்பாக இருக்கிறது, தெற்கே வட்டத்துக்குள் வெங்காயத்தை நறுக்கினாற்போல் வளையம் வளையமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அது தெருவின் காதில் விழுந்தது. மாசி முடிவதற்குள் வடசிறகுக்காரர்கள் தென்சிறகுக்காரர்களைக் குழாயடியில் வைத்து வெங்காயம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதிலுக்கு அவர்கள், எங்கள் பக்கம் நிறமாவது கெட்டியாக இருக்கிறது, உங்கள் பக்கம் வெளுத்துப்போய்க் கிடக்கிறது என்றார்கள். தன்னைக் காணாமல் ஆக்கியவனுடைய சாமான் உசத்தி என்று சண்டை போடுகிற ஜனங்களை என்ன சொல்லித் திட்டுவது என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியவில்லை. தெரிந்த வார்த்தைகளை எல்லாம் சொல்லித் திட்டினாள்.

"ஒனக்கு என்னடி இவ்வளவு காந்தல்?" என்றாள் வேலுத்தாய். "ஒரு கொறையும் இல்ல. மொகத்துல பவுடர் போடுற வேலை மிச்சம்."

"எம்பிள்ள மூஞ்சி எனக்குத் தெரியலக்கா."

"கொரலு கேக்குதுல்ல?"

குரல் கேட்டது. குரல் கேட்டால் போதும் என்கிறவர்களோடு அதற்குமேல் பேச முடியாது.

தன்ஷிகா நின்றிருந்தது தெருக்கோடியில். பின்னால் போகப் போகக் கரைசல் அதிகம். பஞ்சவர்ணத்துக்காவது தலை எது கை எது என்று தெரியும். குழந்தை ஒரு பழுப்பு வட்டமும் அதற்குக் கீழே ஒரு அரக்குச் சிவப்பும்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும் பஞ்சவர்ணம் சாயமேறிய விரல்களால் அந்த வட்டத்துக்குள் தடவி மூக்கைத் தேடுவாள், கன்னத்தைத் தேடுவாள், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்கு ஆறுதலாக இல்லை. திருப்பூர் மில்லிலிருந்து புருஷன் வீரணன் வீடியோவில் கூப்பிடுவான், லைன் சரியில்லை போல, வெளியே வந்து பேசு என்பான். அவள் வெளியே வந்து பேசுவாள். இன்னும் சரியில்லை என்பான். நாலைந்து தடவை எடுத்துச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, செல்லை மாற்று என்றான்.

பங்குனியில் குழந்தைக்கு முதல் பல் விழுந்தது. பல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள் தன்ஷிகா. பல்லும் மங்கல், கையும் மங்கல். வாயைத் திறந்து காட்டு என்றாள் பஞ்சவர்ணம். பழுப்பு வட்டத்துக்குள் ஒரு இருட்டு வட்டம் தோன்றியது. அவ்வளவுதான். விழுந்த இடத்தில் முளைக்கிற பல் எந்தக் கோணத்தில் முளைக்கும், சிரித்தால் எப்படி இருக்கும், ஏழு வயசு முகம் எட்டு வயசு முகமாக எந்த நாளில் மாறும், இதையெல்லாம் ஒருநாள் தவறவிட்டால் தவறவிட்டதுதான், மறுபடி வராது. அன்று பஞ்சவர்ணம் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து அழுதாள். அழுதது பிள்ளைக்குத் தெரியாதபடி அழ வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருந்தது.

பங்குனியும் சித்திரையும் பஞ்சவர்ணம் தேடிப் போனபோதெல்லாம் டாக்டர் ஊட்டிக்குப் பூப் படம் எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள், ஆவுடைநாயகம் கொடைக்கானலுக்குப் பறவை தேடிப் போயிருக்கிறார் என்றார்கள். வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஞ்சவர்ணம் மன்றக் கூட்டத்துக்கே போய்விட்டாள். பல் ஆஸ்பத்திரி மாடியில், சுவர் அளவு டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் சாயக்காரத் தெரு. டாக்டர் பொம்மையின் மூக்கைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, ஒடஞ்ச எடத்துல நார் நாரா நிக்கிது. ஒங்க தங்கத்துல இது வருமா?"

"மூலைக்கு வாங்க டாக்டர். மூலையில ஒங்க செவப்பு இருட்டுது."

"சார்," என்றாள் பஞ்சவர்ணம். "அதுல எம்மக இருக்கா."

பதினொரு பேரும் திரும்பினார்கள். வாசலில் ஒரு பெரிய அரக்குச் சிவப்பும் ஒரு சின்ன அரக்குச் சிவப்பும் நின்றன. டாக்டரின் கண்ணில் ஒரு மின்னல், இவ்வளவு பக்கத்தில் தன்னுடைய கரைசலை அவர் பார்த்ததில்லை. "எங்கம்மா இருக்கா?" என்றார்.

"அந்தா, பொம்மை தோளுக்குப் பின்னாடி. பழுப்பு வட்டம்."

"அது கொழாயடி வாளின்னுல்ல நெனச்சேன்," என்றார் ஆவுடைநாயகம்.

பஞ்சவர்ணத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "வாளி இல்ல சார். பேரு தன்ஷிகா. ரெண்டாப்பு முடிச்சிருக்கா. நாலு மாசமா அவ மூஞ்சிய நான் பாக்கல. ஒங்க படத்த நீங்க வச்சுக்கங்க, எம்பிள்ளயக் குடுத்துருங்க."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுவும் சேர்ந்துதான் எரிச்சலாக இருந்தது. உடனே எல்லோரும் வருத்தப்பட்டார்கள், ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தார், மறுபடி எடுத்துச் சரி செய்துவிடலாம் என்றார்கள், யார் எடுப்பது என்று கேள்வி வந்தது, கேள்வி வந்ததும் வருத்தம் போய்விட்டது. சிவப்புதான் மங்க வைத்தது, சிவப்புதான் எடுக்க வேண்டும் என்றார்கள் ஒரு ஐந்து பேர். குழாயடி தென்சிறகில் வருகிறது, தங்கம்தான் எடுக்க வேண்டும் என்றார்கள் இன்னொரு ஐந்து பேர்.

டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த ஜெபராஜ் மெல்லச் சொன்னார். "எதுல எடுத்தா என்ன சார், இருபத்திரண்டுல வச்சு ஒண்ணு எடுத்துட்டா…"

மாடியே சிரித்தது. "இருபத்திரண்டா? அதுக்கு எதுக்குய்யா லென்ஸு?" என்றார் டாக்டர். "எட்டத் தாண்டுனாலே கூர்மை செத்துரும். இருபத்திரண்டுல வச்சா கரண்டு கம்பம், குப்பை, சாக்கடை, அங்க நிக்கிறவன், இங்க நிக்கிறவன், எல்லாமே தெரியும். எல்லாமே தெரிஞ்சா அது படமா?"

பஞ்சவர்ணத்துக்கு லென்ஸ் தெரியாது, எண் தெரியும். இருபத்திரண்டு, எல்லாமே தெரியும். மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை மன்றம் பத்துப் பெட்டிகளோடு தெருவுக்கு வந்தது. காசு சுண்டிப் போட்டதில் டாக்டருக்கு விழுந்திருந்தது. தன்ஷிகாவைக் குழாயடியில் நிறுத்தினார்கள், வெள்ளைத் தெர்மாக்கோல் பிடித்தார்கள், கன்னத்தைத் தூக்கு, தாடையை இறக்கு, அசையாதே, மூச்சை அடக்கு என்றார்கள். மங்கலான பிள்ளை மூச்சை அடக்கியபடி நின்றது. பஞ்சவர்ணம் பக்கத்தில் போய், "இருபத்திரண்டுல வைங்க சார்," என்றாள். டாக்டர் அவளைப் பார்க்காமலே, "சும்மா இரும்மா, இது ரெண்டு லட்சத்துச் சாமான்," என்றார். ஒன்று புள்ளி இரண்டில் வைத்தார். வேறு எண்ணில் வைப்பது அவருக்கு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்காருவதற்குச் சமம்.

அழுத்தினார். பிள்ளையின் இடது கண் தெளிந்தது.

இடது கண் மட்டும். அவ்வளவு திறந்த லென்ஸில் அவ்வளவுதான் கூர்மைக்கு இடம். பழுப்பு வட்டத்தின் நடுவே ஒரு கண், ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாக, கருவிழிக்குள் வெள்ளைத் தெர்மாக்கோல் சதுரமாகத் தெரிய, திருதிருவென்று விழித்தது. வலது கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. மன்றத்தார் பிள்ளையைச் சுற்றிக் குனிந்தார்கள். "அடடடா!" என்றார் ஒருவர். "இமை முடிய எண்ணலாம்யா!" என்றார் இன்னொருவர். தங்கக் கட்சிக்காரர்களே கை தட்டினார்கள். ஆவுடைநாயகம் மட்டும், தன்னுடையதில் எடுத்திருந்தால் புருவமும் சேர்ந்து தெளிந்திருக்கும் என்றார்.

அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வழிந்த தண்ணீர் கண்ணைத் தாண்டியதும் மங்கிப்போனது.

பஞ்சவர்ணம் தொட்டிக் கழியை எடுத்துக்கொண்டு வந்ததைத்தான் அதற்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள். யாரையும் அடிக்கவில்லை. தெர்மாக்கோலில் ஒரு போடு, கேமரா முக்காலியில் ஒரு போடு, டாக்டர் இரண்டு லட்சத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சாக்கடை ஓரம் வரைக்கும் பின்வாங்கினார். "எம்பிள்ள என்ன ஒங்க கம்பெனி வெளம்பரமா?" என்று கத்தினாள். "பொம்மைக்கு மூக்குல நாரு தெரியணும், எம்பிள்ளைக்கு மூக்கே தெரியக்கூடாதா? ஒரு கண்ணக் குடுத்துட்டுக் கை தட்டுறீகளே, ஒங்க பிள்ளைக்கு இப்படி ஒத்தக் கண்ணு வந்தா இமை முடிய எண்ணுவீகளாடா?" தெரு முழுக்க நிறங்கள் வாசலுக்கு வந்தன. அவளை அடக்கு என்று வடசிறகு தென்சிறகிடமும் தென்சிறகு வடசிறகிடமும் சொன்னது.

அவள் நேராக ஜெபராஜிடம் போனாள். "அண்ணே, ஒங்க கேமராவக் குடுங்க."

"இது… சாதாரண லென்ஸும்மா," என்றார் ஜெபராஜ், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"எண்ணு இருக்கா?"

"இருக்கு. இந்தச் சக்கரத்தத் திருப்புனா ஏறும்."

மணி பன்னிரண்டு. கத்திரி வெயில். மன்றத்தில் யாரும் இந்த நேரத்தில் கேமராவை உறையைவிட்டு எடுப்பதில்லை, உச்சி வெயில் முகத்தைக் கெடுக்கும் என்பார்கள். பஞ்சவர்ணம் காலியான சாயத்தொட்டி ஒன்றைத் தெருமுனையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்தாள். சக்கரத்தைத் திருப்பினாள். எட்டு வந்தது, அதைத் தாண்டினாள். பதினொன்று, பதினாறு, இருபத்திரண்டு. அதற்குமேல் திரும்பவில்லை.

"எல்லாரும் இருக்கிற எடத்துலயே நில்லுங்க!" என்று கூவினாள்.

வேலுத்தாயின் மஞ்சள் அலைபாய்ந்தது. "பஞ்சு, வேணாம்டி. சாக்கடையெல்லாம் தெரியும்டி. சனிக்கிழம ஒருத்தனும் வர மாட்டான்."

"தெரியட்டும்க்கா."

"எந்தலை நரச்சிருச்சோ என்னமோ."

"தெரியட்டும்."

அழுத்தினாள்.

கிளிக் என்ற சத்தம்கூடப் பிளாஸ்டிக் சத்தம்தான். தெரு அதற்கு முனகாமல் கட்டுப்பட்டது. மிதந்த வட்டங்கள் தண்ணீராகித் தரையில் விழுந்தன. சுவர் சுவரானது, சுவரின் விரிசல் விரிசலானது. கரண்டுக் கம்பி, கம்பியில் கிழிந்த பட்டம், பிளாஸ்டிக் பையும் செத்த எலியுமாகச் சாக்கடை, மங்கலில் ஓரம் தெரியாமல் சாக்கடையில் முழங்கால்வரை இறங்கி நின்ற டாக்டர். வடசிறகில் இருபது முகம், தென்சிறகில் இருபத்திரண்டு முகம், அத்தனையும் வெயிலில் கண் கூசி நின்றன. வேலுத்தாய்க்கு நரைத்துத்தான் இருந்தது. குழாயடியில், கை தொங்கப்போட்டு, தன்ஷிகா.

பஞ்சவர்ணம் ஓடினாள். மண்டி போட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டு, மூக்கு ஒன்று, எல்லாம் இருந்தது, விழுந்த பல்லுக்குப் பதில் அரிசி அளவு புதுப் பல் லேசாகச் சாய்ந்து முளைத்திருந்தது. ஆனால் முகம் ஒன்றும் செய்யவில்லை. சிரிக்கவில்லை, சிணுங்கவில்லை, புருவம் அசையவில்லை. நாலு மாதம் யாரும் பார்க்காத முகம் எதற்காகச் சிரிக்கும்? சந்தோஷத்தையும் வலியையும் குரலில் மட்டும் சொல்லிச் சொல்லி முகம் சும்மா இருக்கப் பழகிவிட்டது. பச்சைப் பட்டு உடுத்திய பொம்மையின் முகத்துக்கும் தன் பிள்ளை முகத்துக்கும் மூக்கு ஒன்றுதான் வித்தியாசம் என்று பஞ்சவர்ணத்துக்குப் பட்டது. நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு முகமும் அப்படித்தான் இருந்தன, துடைத்து வைத்த தட்டாக.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகையைத் தாண்டிய ஒன்று வந்தது.

"அம்மா," என்றது பிள்ளை. "ஒன் மூஞ்சி எங்க?"

படம் எடுத்தவள் படத்தில் இல்லை. தெருவிலேயே மங்கலாக மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான், அரக்குச் சிவப்பும் அதன்மேல் ஒரு கறுத்த வட்டமும். ஜெபராஜ் வேகமாக வந்தார், நான் எடுக்கிறேன் என்றார். அதற்குள் சாக்கடையிலிருந்து ஏறியிருந்த டாக்டர், நான் எடுக்கிறேன் என்றார், இந்த நிலையிலும் அவர் கையில் சிவப்பு வளையம் இருந்தது. ஆவுடைநாயகமும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எம்மக எடுப்பா," என்றாள் பஞ்சவர்ணம்.

தன்ஷிகா தொட்டிக்குப் பின்னால் செங்கல் மேல் ஏறி நின்றாள். பஞ்சவர்ணம் தெரு நடுவே போய், பொம்மை நின்ற இடத்தைத் தாண்டி, குழாயடியில் நின்றாள். வெயில் மண்டையில் இறங்கியது. பழக்க தோஷம், டாக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கையைத் தூக்கி, "கொஞ்சம் சிரிம்மா," என்றார்.

பஞ்சவர்ணம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் பிள்ளை அழுத்தியது.

தெளிந்த முகத்தில் இருந்ததை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. நெற்றியில் இரண்டு கோடு, இறுகிய தாடை, விரிந்த மூக்கு, கண்ணில் நாலு மாதக் கோபம். டாக்டர் கையை இறக்கிக்கொண்டார். பிள்ளை செங்கல்லிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தது, ரொம்ப நேரம் பார்த்தது, பார்க்கப் பார்க்க அதன் புருவம் கொஞ்சம் நெளிந்தது, பிறகு அம்மாவுடையதைப் போலவே சுருங்கியது, மூக்கு விரிந்தது, உதடு இறுகியது.

"நல்லாத் தெரியுதும்மா," என்றது. "நீ கோவமா இருக்க." சொல்லிவிட்டுச் சிரித்தது. சாய்ந்த பல் தெரிந்தது.

தெருவில் மற்ற முகங்கள் ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பின. முதலில் வந்தது எல்லோருக்கும் கோபம்தான், பிறகுதான் மற்றவை. அன்று மாலை நாற்பத்திரண்டு பேரும் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றார்கள், வடசிறகு தென்சிறகு என்று பிரியாமல் நின்றார்கள், அவர் கதவைத் திறந்து அத்தனை முகத்தையும் பார்த்துவிட்டு மறுநாளே சாக்கடைக்கு ஆள் அனுப்பினார். ஜெபராஜின் கேமராவில் பஞ்சவர்ணம் எடுத்த படத்தை மன்றம் டிவியில் போட்டுப் பார்த்து, மூலை மங்கல், நிறம் சோகை, பின்னணி இரைச்சல் என்று மூன்று குறை சொன்னது. ஜெபராஜ் அன்றோடு டீ வாங்கப் போவதை நிறுத்திவிட்டார்.

ஆனி முதல் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் கார் பொம்மையோடு பக்கத்துத் தறிக்காரத் தெருவில் போய் நின்றது. தறிக்காரத் தெருவில் பாவு நூலை நீட்டிக் காயப்போட்டிருப்பார்கள், அதுவும் நிறம் நிறமாகக் கரையும். டாக்டர் திறந்தார், ஆவுடைநாயகம் திறந்தார், ஒன்று புள்ளி இரண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு. கேமராவின் முதுகில் படத்தைப் பார்த்தார்கள். பொம்மை கூர்மையாக இருந்தது. பொம்மையின் தோளுக்குப் பின்னால், இருபது அடி தள்ளி, மன்றம் வருகிற சேதி கேட்டு முன்னாலேயே வந்து, மகளின் கையைப் பிடித்தபடி நின்ற அரக்குச் சிவப்புச் சேலையில் ஒருத்தி, நெற்றிக் கோடு இரண்டும் எண்ணும்படி, பொம்மையைவிடக் கூர்மையாக இருந்தாள். அவளைச் சுற்றி அவளைப் போலவே நெற்றியைச் சுருக்கி நின்ற தறிக்காரர்களும் கரையவில்லை. மறுபடி எடுத்தார்கள். லென்ஸை மாற்றிப் போட்டு எடுத்தார்கள். சிவப்பிலும் கரையவில்லை, தங்கத்திலும் கரையவில்லை.

மன்றம் தொடங்கிய பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக இரண்டு கட்சியும் ஒரே முடிவுக்கு வந்தன. லென்ஸில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லி, இரண்டையும் பெட்டியில் போட்டு அன்றைக்கே சர்வீசுக்கு அனுப்பினார்கள். கார் புறப்பட்டுப் போகும்வரை பஞ்சவர்ணம் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.